அலுமாரியின் நெற்றி

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்சுவரில், கரண்ட் மெயின் சுவிச் இருக்கிற இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் பூட்டில் திறப்பு, அதாவது சாவி, போடுகிற ஓட்டையை மூடிக்கொண்டு பெருவிரல் அகலத்தில் ஒரு கறுப்புத் தாள் தொங்கும். பழைய எக்ஸ்றேப் படத்தில் வெட்டிய துண்டு. மேல் விளிம்பில் மட்டும் பசை. விரலால் ஒதுக்கிவிட்டுத் திறப்பைப் போடலாம். விரலை எடுத்தால் தானாக வந்து மூடிக்கொள்ளும். காலை வெயில் படும்போது கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் யாரோ ஒருவருடைய விலா எலும்பு தெரியும்.

அதை வெட்டி ஒட்டியவர் எங்களுடைய பெரிய மிஸ்ஸி. தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வார்ட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றி மற்றவர்கள் கதைப்பது அவருக்குப் பிடிக்காது. எனக்கும் அப்படித்தான் என்பதால் அது எனக்கு விளங்கும்.

நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலை செய்தேன். நெல்லியடிக்கு வடக்கே, கடல் காற்று அடிக்கிற இடத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. அந்தக் காற்றில் உப்பு இருக்கும். காலையில் துடைத்த இரும்பைப் பின்னேரம் தடவினால் விரல் பிசுபிசுக்கும். மிஸ்ஸி வரும் முன்னர் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒழுங்காகத் திறக்கிற பூட்டு ஒன்றும் கிடையாது. ஒன்றுக்குக் கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றை முழங்காலால் இடித்துக்கொண்டு திருக வேண்டும். பஞ்சு வைக்கிற அலுமாரியை அற்றெண்டன் அண்ணை ஒருவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. வார்ட்டில் நோயாளிகளைத் தூக்கி இறக்கி, சாமான் எடுத்துக் கொடுக்கிறவர் அவர். அந்த அலுமாரியில் அவருக்கு ஒரு பெருமை.

"அது ஆள் பாத்துத்தான் திறக்கும்," என்பார்.

மிஸ்ஸி உடுவில்காரி. பஸ்ஸில் வந்து இறங்கி, குவாட்டர்ஸில் பெட்டியை வைத்துவிட்டு வார்ட்டுக்குள் வந்தவர், அந்த அலுமாரியின் திறப்பை வாங்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய் ஆர் விட்டது?"

"நான்தான் மிஸ்ஸி. இறுகினால் விடுறனான்," என்றார் அண்ணை.

"தலைக்கு வைக்கிறதை இதுக்கு வையாதேங்கோ. எண்ணெய் தூசியைப் பிடிச்சு உள்ளுக்குக் களியாக் கிடக்குது. இனி விடவேண்டாம்."

அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்னத்தை விடுறது? பாலோ?"

மிஸ்ஸி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்து, திறப்பின் பல்லில் கறுப்பாகத் தேய்த்தார். உள்ளே விட்டு எடுத்தார், திரும்பத் தேய்த்தார். அப்படிப் பலமுறை. பிறகு அந்த அலுமாரி எனக்குக்கூடத் திறந்தது. அண்ணை கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

பென்சில் எப்போதும் அவரிடம் இருக்கும். அதில் அவர் எழுதி நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் அண்ணை கோயிலுக்கு வெளிக்கிடுவார், மிஸ்ஸி பூட்டுகளுக்கு வெளிக்கிடுவார். மருந்து அலுமாரி, துணி அலுமாரி, மெயின் சுவிச் பெட்டி, ஜெனரேற்றர் வைத்திருக்கிற கம்பிக் கூடு, எல்லாவற்றையும் ஒருதரம் திறந்து மூடுவார். ஒன்றும் வைக்காத வெறும் அலுமாரியையும் விடமாட்டார். வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று தொங்கும். எங்கள் ஊர்ச் சனம் முறைப்பாட்டை வாயால் சொல்லுமே தவிர எழுதிப் போடாது. அதையும் திறப்பார். உள்ளே பிள்ளைகள் தின்றுவிட்டுப் போட்ட ரொபி இனிப்புத் தாள் கிடக்கும், எடுத்து எறிந்துவிட்டுப் பூட்டுவார்.

"உதை ஏன் மிஸ்ஸி திறக்கிறியள்? ஒருத்தரும் ஒண்டும் போடாயினம்," என்று அம்புலன்ஸ் றைவர் கேட்டான்.

"ஒருத்தரும் போடாட்டில் பூட்டு இறுகும். பிறகு ஆராவது போடேக்கை திறக்கேலாமல் கிடக்கும்."

குளவி மண் கொண்டுவந்து மெயின் சுவிச் பெட்டியின் ஓட்டையை அடைத்ததை அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் கண்டார். அன்றைக்கே எக்ஸ்றேத் துண்டை வெட்டினார்.

திறப்பு விஷயத்தில் அவருக்குக் கடும் கோபம் வரும். ஒருமுறை றைவர் ஸ்ரோர் திறப்பால் சோடாப் போத்தல் மூடியைக் கிளப்பினான். மிஸ்ஸி போத்தலை அவனுக்கே விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பல்லு வளைஞ்சு போச்சு. இனி இது போற பூட்டும் பழுதாகும். உங்களுக்கு மூடி திறக்கப் பல்லில்லையோ?"

திறப்புகளைக் கோர்வையாகத் தொங்கவிட்டுக்கொண்டு திருகக் கூடாது, கோர்வையின் பாரம் பூட்டை இழுக்கும் என்பார். திறப்பைப் பிடித்துக் கதவை இழுக்கக் கூடாது, கைபிடி அதற்குத்தானே இருக்கிறது என்பார். அவசரம் என்று யாராவது படபடத்தால் "அவசரமெண்டால் ஆறுதலாத் திறவுங்கோ" என்பார். எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. அவர் இல்லாத நேரம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், முந்தானைக்குள்.

ஏன் அவருக்கு இந்தப் பூட்டுப் பைத்தியம் என்று ஆளுக்கொரு கதை. அவருடைய தகப்பன் பூட்டு வேலை செய்தவர் என்றார் அண்ணை. வீட்டில் களவு போயிருக்கும் என்றான் றைவர். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்க, அவர் அலுமாரிக் கதவு ஒன்றை மெல்லச் சாத்திவிட்டு, கேளாமலே சொன்னார்.

"எனக்குச் சத்தம் பிடிக்காதக்கா. படுத்திருக்கிற ஆக்கள் திடுக்கிட்டு முழிப்பினம்."

அவ்வளவுதான். அவருடைய கை பட்ட பூட்டு ஒன்றும் சத்தம் போட்டதில்லை. ஒரு அலுமாரி எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று பக்கத்தில் நிற்கிற எங்களுக்கே தெரியாது.

என்னுடைய மனிசனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டது அந்த நாட்களில்தான்.

இவர் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டினவர். அந்த மெசின் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துக் கதைத்துக் குரல் பெரிதாகிவிட்டது. வீட்டில் நான் வாய் திறப்பது குறைவு. "உம்மடை பங்கையும் சேர்த்து நான்தானே கதைக்கிறன், பிறகேன் தொண்டை கட்டாது?" என்பார். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கிட்ட வைத்து நோவு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். யன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. நான் கூட்டுகிற வார்ட்டிலேயே இவர் படுத்திருந்தார்.

நோவுக்கு மோபின் ஊசி. அந்த மருந்தைக் கண்டபடி வைக்க முடியாது. வார்ட் மூலையில் கனமான இரும்பு அலுமாரி, அதற்குள் இன்னொரு சின்ன அலுமாரி, இரண்டுக்கும் வேறு வேறு திறப்பு. இரண்டும் மிஸ்ஸியின் இடுப்பில் இருக்கும். ஊசி போட்டால் இவர் கொஞ்ச நேரத்தில் பழைய ஆளாகிவிடுவார். பக்கத்துக் கட்டில் கிழவரோடு புகையிலை விலை கதைப்பார். மருந்தின் வேகம் குறைந்தால் குரல் இறங்கும். பிறகு துவாயைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பார். அப்போதுதான் எனக்குப் பயம். அவ்வளவு பெரிய குரல் உள்ளவர் சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியாது. நேரம் வந்துவிட்டது மிஸ்ஸி, ஊசி போடுங்கோ என்று போய்ச் சொல்லவும் எனக்கு வாய் வராது. தும்புத்தடியை வைத்துக்கொண்டு அந்த அலுமாரியைப் பார்த்தபடி நிற்பேன். மிஸ்ஸி ஒருநாளும் நேரத்தைத் தவறவிட்டதில்லை.

நவராத்திரி வாணி விழாக் கடைசி நாள். எங்கள் ஆஸ்பத்திரியில் மத்தியானம் பூசை வைத்து, கடலையும் அவலும் கொடுப்பார்கள். பூசை வேலை எப்போதும் அண்ணையின் பொறுப்பு. சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துத் தட்டில் ஏந்திக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றினார். தராசு, பிரஷர் பார்க்கிற மெசின், சக்கர நாற்காலி, அம்புலன்ஸ், ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். இரும்பு அலுமாரிக்கு வந்ததும் கொஞ்சம் நின்று யோசித்தார்.

"அலுமாரிக்கு நெத்தி எது மிஸ்ஸி?"

"உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும்," என்றார் மிஸ்ஸி கடலையை மென்றுகொண்டு.

அண்ணை திறப்பு ஓட்டையிலேயே பெருவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். வடிவாகத்தான் இருந்தது. மிஸ்ஸியும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"ஆயுத பூசையண்டு ஆயுதத்தைத் தொடப்படாது, தெரியுமோ?" என்றார் அண்ணை.

"அப்ப ஊசியும் போடாமல் விடுவமோ?" என்று கேட்டுவிட்டு மிஸ்ஸி கைகழுவப் போனார்.

பின்னேரம் இவருக்கு ஊசி நேரம் வந்தது. மிஸ்ஸி திறப்பைக் கொண்டுபோய் வைத்தார். போகவில்லை. மத்தியான வெக்கையில் சந்தனம் காய்ந்து, ஓட்டைக்குள் மண்கட்டி மாதிரி இறுகிவிட்டது. அவர் பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க, அண்ணை ஓடிவந்து, "தாங்கோ மிஸ்ஸி, நான் தள்ளுறன்," என்று திறப்பை வாங்கி ஒரு குத்துக் குத்தினார். பாதி போய் நின்றுவிட்டது.

"தள்ளாதேங்கோ அண்ணை. தள்ளத் தள்ள உள்ளுக்குப் போய்க் கல்லாகும்," என்று மிஸ்ஸி திறப்பை மெல்ல உருவி எடுத்தார்.

இவர் துவாயைக் கடிக்கத் தொடங்கிவிட்டார்.

டொக்ரர் வந்தார். சின்னப் பிள்ளை, முதல் வேலை. விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. அம்புலன்ஸ் பிள்ளைப்பேற்றுக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தது. அது திரும்பி, மருந்துக்கு இன்னொருதரம் போய் வருவதென்றால் இருட்டிவிடும். இவருடைய கட்டிலை ஒருதரம் பார்த்தார்.

"உடையுங்கோ. அலவாங்கு இருக்குதோ? உடைச்சதுக்கு நான் பதில் சொல்லுறன்."

கிடங்கு வெட்டுகிற இரும்பு அலவாங்கை அண்ணை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"உடைக்கலாம் டொக்ரர்," என்றார் மிஸ்ஸி. "ஆனா உந்தக் கதவு உள்ளுக்கு மடிஞ்சுதெண்டால் சின்ன அலுமாரியையும் சேர்த்து நசுக்கும். குப்பியள் உடைஞ்சு போகும். கொஞ்ச நேரம் தாங்கோ. வராட்டில் நானே அலவாங்கைப் பிடிக்கிறன்."

டொக்ரர் என்னைப் பார்த்தார். நான் இவருடைய பெண்சாதி என்று அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்வது? உடையுங்கோ என்றும் மனம் சொன்னது, மிஸ்ஸி சொல்கிறபடி விடுங்கோ என்றும் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு டொக்ரர் தன் போன் லைற்றைப் போட்டு அந்த ஓட்டைக்கு நேரே பிடித்தார்.

மிஸ்ஸி ஊசி சிறிஞ்சில் ஸ்பிரிட் எடுத்தார். ஒரு குழந்தையின் காதுக்குள் மருந்து விடுகிற மாதிரி, ஊசி முனையை ஓட்டைக்குள் வைத்து மெல்ல விட்டார். மஞ்சளாக ஒரு கோடு கதவில் வழிந்தது. பொறுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். இந்த முறை குங்குமமும் சேர்ந்து சிவப்பாக வழிந்தது. திறப்பை அரிசி அளவு உள்ளே விட்டு எடுத்துத் துணியில் துடைத்தார். துணியில் சந்தனம். திரும்பவும் ஸ்பிரிட், திரும்பவும் திறப்பு, திரும்பவும் துணி. வார்ட் முழுக்கச் சந்தன வாசமும் ஸ்பிரிட் வாசமும் சேர்ந்து கோயிலா ஆஸ்பத்திரியா என்று தெரியவில்லை. கட்டிலிலிருந்து இவர் ஒருமுறை அனுங்கினார். மிஸ்ஸியின் கை அந்த நேரம் நின்றது. கண்ணை மூடித் திறந்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். வேகத்தைக் கூட்டவில்லை. அந்த வேகத்தைக் கூட்டாத கையைப் பார்த்துத்தான் நான் விழாமல் நின்றேன்.

அண்ணை அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு, "சரசுவதியம்மா, தெரியாமல் செய்துபோட்டன்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

திறப்பு முழுக்க உள்ளே போனது. எடுத்துத் துடைத்தார். துணி வெள்ளையாக வந்தது. மிஸ்ஸி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இப்ப உது தேவையோ மிஸ்ஸி?" என்றார் டொக்ரர்.

"இப்பதான் தேவை."

பல்லில் கறுப்பாகத் தேய்த்து, உள்ளே விட்டு, திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்திருந்தது.

ஊசி போட்ட பிறகு, இவருடைய பல் துவாயை விடுவதை நான் பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. டொக்ரர் போன் லைற்றை அணைக்க மறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே வராந்தாவில் போய் இருந்தார். அண்ணை நிலத்திலேயே குந்திவிட்டார்.

"அம்மன் கோவிச்சுப்போட்டா எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

"அவ ஏன் கோவிக்கிறா? நீங்கள் நெத்தி எண்டு நினைச்சு அலுமாரியின்ரை வாயைப் பொத்திப்போட்டியள்," என்றார் மிஸ்ஸி. பிறகு சந்தனம் பட்ட துணியை மடித்தார். "பாத்துக்கொண்டிருந்த நானும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. வடிவா இருக்குதெண்டு பாத்தன்."

அப்போதுதான் அவருடைய சட்டை முதுகெல்லாம் நனைந்திருப்பதைக் கண்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் காலையில் இவர் நல்ல குரலில் இருந்தார். முதல் நாள் நடந்ததை நான் சொன்னேன். அலவாங்கு வந்த கதைக்குச் சிரித்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையப்பா. அந்த அலுமாரி எப்பவும் சத்தம் போடாதே. நேற்று மட்டுமில்லை, எல்லா நாளும் அப்பிடித்தான். மருந்து வருகுதோ வரேல்லையோ எண்டு தெரியாமல்தான் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறனான். திறக்கிற சத்தம் காதிலை விழுந்தால் போதும், பாதி நோ அதிலையே போயிடும்."

இதை மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சத்தமே வரக் கூடாது என்று வெள்ளிக்கு வெள்ளி பாடுபடுகிறவரிடம் சத்தம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? காலை முழுக்க ஒரே இடத்தைக் கூட்டினேன். கடைசியில் மிஸ்ஸிதான் கேட்டார்.

"என்னக்கா, அதிலை நிலம் தேய்ஞ்சு போகப்போகுது."

"அவர்... அலுமாரி திறக்கிறது கேட்டால் நல்லம் எண்டவர். வருகுதெண்டு தெரியுமாம்."

அந்த ஆஸ்பத்திரியில் நான் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். மிஸ்ஸி இவருடைய கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஊசி நேரம். மிஸ்ஸி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றார். திறப்பைப் பூட்டில் வைக்கும் முன்னர் அதன் தலையால் இரும்புக் கதவில் தட்டினார். டங், டங். நல்ல சத்தம். வார்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர்ப் பக்கம் கிடந்த இவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். மருந்து இன்னும் அலுமாரிக்குள்தான் இருந்தது, இவருடைய புருவத்துச் சுருக்கம் அவிழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு காலையில் இவர் நித்திரையிலேயே போனார். முகத்தில் நோ இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு லேசாகும்.

அடுத்த வாணி விழாவுக்கு அண்ணை சந்தனத் தட்டோடு வந்தபோது மிஸ்ஸி எழுந்து போய், கதவின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் நெத்தி அண்ணை. கீழை இருக்கிறது வாய்."

அண்ணை எட்டிப் பிடித்து மேலே பொட்டு வைத்தார். பென்சன் எடுக்கும் வரைக்கும் அவர் அந்த இடத்தை மாற்றவில்லை. பிறகு மிஸ்ஸியும் பென்சன் எடுத்து உடுவிலுக்குப் போனார். நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

போன மாதம் பிரஷருக்கு விழுங்குகிற குளிசை எடுக்க அங்கே போனேன். வார்ட்டுக்குள் ஒருதரம் எட்டிப் பார்க்க ஆசை. அதே இரும்பு அலுமாரி, மேல் விளிம்பில் பழைய சந்தனத் தடம். எனக்குத் தெரியாத ஒரு மிஸ்ஸி, இளம் பிள்ளை, திறப்போடு வந்தார். அதன் தலையால் கதவில் தட்டினார். டங், டங்.

நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என்னைக் கண்டு, "என்னம்மா, பயந்திட்டியளோ?" என்று கேட்டார். "உள்ளுக்குப் பல்லி இருக்குமாம். தட்டிப்போட்டுத்தான் திறக்கவேணும் எண்டு முந்தியிருந்த பெரிய மிஸ்ஸி எல்லாருக்கும் சொல்லிவைச்சவவாம். நான் ஒருநாளும் பல்லியைக் காணேல்லை."

வெள்ளிக்கு வெள்ளி திறந்து துடைத்த அந்த அலுமாரிக்குள் பல்லி எங்கே வரும்?

"ஓம் பிள்ளை," என்றேன். "தட்டித்தான் திறக்கவேணும்."

யன்னல் ஓரக் கட்டிலில் ஒரு மனிசி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய கை, அந்தச் சத்தத்துக்கு, மெல்ல விரிந்தது.